மருமகளுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

அத்தியாயம் 14

புதுச்சத்திரம் சென்னியப்பன் வீட்டில் போன வாரம் விழுந்த இடியை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காக நாலு வரி.

அந்த வீட்டு மருமகள் தனப்பிரியா, அரசாங்கத்தின் ஆவணக் கணினி இயக்ககத்தில் புரோகிராமர். மூன்று வருடமாக மாடி அறையிலிருந்தே வேலை பார்த்துவருகிறாள். எந்த ஊரிலிருந்தும் பணிபுரியலாம் என்று விளம்பரம் கொடுத்துத்தான் அவளையும் சேர்த்து நாற்பது பேரை எடுத்தார்கள். இப்போது திடீரென்று உத்தரவு. வரும் திங்கட்கிழமை முதல் எல்லோரும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும், காலை பத்து மணிக்கு அங்கே வருகைப் பதிவுக் கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும். நாற்பது பேரில் பதினேழு பேர் அதற்குள் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

தனப்பிரியாவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் வட்டார அலுவலகத்தின் துணை இயக்குநர் கௌசியா, தன் அலுவலகத்தில் நாலு இருக்கைகளுக்கு அனுமதி வாங்கியிருந்தார். சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்கள் நாலு பேர் அங்கேயே வந்து முகத்தைக் காட்டலாம். பட்டியலில் தனப்பிரியாதான் முதல் பெயர். இன்று, புதன்கிழமை மாலை நாலு மணிக்குள் பட்டியல் சென்னைக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் கௌசியா அவளை நேரில் வரச் சொல்லியிருந்தார்.

காலை எட்டரைக்கெல்லாம் தனப்பிரியா தயாராகிவிட்டாள். ஐந்து வயது இளமதி யு.கே.ஜி. வேனில் ஏறிப் போயாயிற்று.

"பஸ்ஸுல எதுக்குச் சாமி போற? நானே கார்ல கொண்டுபோய் உடறேன்," என்றார் மாமனார் சென்னியப்பன். முப்பதாயிரம் கோழிகள் இருக்கும் பண்ணைக்கு முதலாளி. காலை நேரத்தில் முட்டை ஏற்ற லாரி வரும்போது அவர் பண்ணையை விட்டு நகர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. இன்று வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, காரைத் துடைத்து வைத்திருந்தார்.

"லாரி வருமுங்களே மாமா?"

"ஆளுக பாத்துக்குவாங்க. நீ ஏறு."

மாமியார் சௌந்திரம் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். "சேலத்துக்குன்னா சரி கண்ணு. காலைல போயிட்டுப் பொழுதோட வந்துருவ. சென்னைன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். ஊட்டுல இருந்து பாக்கற வேலைன்னு சொல்லித்தான பரீச்சையே எழுத உட்டோம்?"

சௌந்திரம் சொன்னதில் பொய் இல்லை. பரீட்சைக்கு அனுப்பும்போது வீட்டில் பேசிக்கொண்ட பேச்சே அதுதான். ஆனால் வீட்டிலிருந்து பார்க்கும் வேலை என்பது என்ன என்று சௌந்திரத்துக்கு இன்றைக்கும் தெரியாது. கேஸ் சிலிண்டர் வந்தால் தனப்பிரியா. கரண்ட் ஆள் வந்தால் தனப்பிரியா. ஒறம்பரை, உறவுக்காரர்கள், வந்தால் இன்னும் மோசம். மாமனார் அவர்களை மாடிக்கே கூட்டிவந்து, "பாருங்க, கவர்மெண்ட்டு வேலை. ஊட்டுலயே உக்காந்துட்டு," என்று காட்டுவார். அவர்களும் கதவோரம் நின்று, கண்காட்சியில் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஒருமுறை வீடியோ மீட்டிங்கில் சென்னை இயக்குநர் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஏழு பேர் நின்றிருந்தார்கள்.

இதைச் சொல்லித் தனப்பிரியா யாரிடமும் அழுததில்லை. மாதச் சம்பளமும், மகள் பக்கத்தில் இருப்பதும் போதும் என்றுதான் இருந்தாள்.

கார் பின் சீட்டில் இரண்டு அட்டை முட்டை இருந்ததை ராசிபுரம் தாண்டிய பிறகுதான் கவனித்தாள்.

"யாருக்குங்க மாமா?"

"உன்ற மேடத்துக்குத்தான். வெறுங்கையோடயா போறது?"

"அய்யோ மாமா, அவிங்க அதெல்லாம் வாங்க மாட்டாங்க. எனக்குத்தான் திட்டு உழுவும். கார்லயே இருக்கட்டுமுங்க."

"முட்டைல என்ன தப்பு?" என்று கொஞ்ச தூரம் முனகிக்கொண்டு வந்தார். பிறகு பேச்சு உத்தரவின் பக்கம் திரும்பியது. மூன்று வருடம் ஒழுங்காக நடந்த வேலைக்கு இப்போது ஏன் இந்தப் பிடிவாதம் என்று அரசாங்கத்தை ஒரு பிடி பிடித்தார்.

"நம்ம பண்ணையில ஷெட்டுக்கு வராத ஆளுக்கு நீங்க வேலை குடுப்பீங்களா மாமா?"

"கோழிக்கு போன்லயா தீனி வெக்க முடியும்? உன்ற வேலை வேற சாமி." கொஞ்சம் நிறுத்தி, தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார். "நீ ஒண்ணும் வெசனப்படாத. எல்லாம் சரியாப் போவும். நானு செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்கறேன்."

என்ன செய்தார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மல்லூரில் லாரி நெரிசல். ஒதுங்கி ஒதுங்கிப் போனதில் அந்தக் கேள்வி நழுவிவிட்டது.

அஸ்தம்பட்டி அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. கௌசியாவின் அறை ஜன்னலில் ஏற்காடு ரோட்டின் ஹார்ன் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண் கௌசியா. இருபத்தாறு வருட சர்வீஸ். நாசூக்காகச் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"உட்காரும்மா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். யாரு இந்தக் குணசீலன்?"

தனப்பிரியாவுக்கு முதலில் புரியவில்லை. குணசீலன் அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர். மாமனாருக்கு மச்சான் முறை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கௌசியா ஒரு காகிதத்தை மேசைமேல் தள்ளினார். குணசீலனின் லெட்டர்பேடில், இயக்குநருக்கு முகவரியிட்ட கடிதம். தனப்பிரியா மிகவும் நேர்மையான பெண் என்று ஆரம்பித்து, நற்குடும்பம், விவசாயக் குடும்பம் என்று வளர்ந்து, கடைசியில் இப்படி முடிந்திருந்தது: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக மேற்படி பெண் சென்னை வந்து பணிபுரிய இயலாது. எனவே அவரைச் சேலத்திலேயே பணியமர்த்தும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அதன் ஓரத்தில் சிவப்பு மையில் இயக்குநரின் கையெழுத்து. 'வெளியார் செல்வாக்கு. பணியாளரிடம் இன்று மாலைக்குள் விளக்கம் பெறவும். சென்னை வர இயலாது எனத் தெரிவித்துள்ளதால், இவரது இடத்தைக் காலியிடமாகக் கருதலாமா?'

காலியிடம் என்ற சொல்லைத் தனப்பிரியா மறுபடி படித்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்போதே அவள் இடம் காலியாகிக்கொண்டிருந்தது.

"மேடம், எனக்கு இது தெரியவே தெரியாதுங்க."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியணும் இல்லையா? சிபாரிசு லெட்டர் கொண்டுவந்தா நடத்தை விதிப்படி தப்பு. சேரும்போதே எழுதி வாங்கினோம், ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"விளக்கம் நிலுவைல இருக்கிற ஆளை நான் சேலம் பட்டியல்ல போட முடியாது. உன் பேரை எடுத்தாச்சு." கௌசியாவின் குரலில் கோபத்தைவிடச் சலிப்புதான் இருந்தது. "இதுல இன்னொரு கூத்து. உனக்கு அடுத்தது எடப்பாடிக் குமரன். அவன் நேத்தே ராஜினாமா அனுப்பிட்டான். பெங்களூர்க் கம்பெனில வீட்டுலேர்ந்தே வேலையாம். நாலு நாற்காலிக்கு மல்லுக்கட்டி வாங்கினேன். உட்கார ரெண்டு பேருதான் மிச்சம்."

"அப்ப ஏன் மேடம் இப்படி ஒரு உத்தரவு? ஆளுங்க போறது அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும். இயக்குநர் பக்கமும் கேளு. மார்ச்சுல சர்வர் ஒருநாள் பூரா படுத்துக்கிச்சே, பதினோரு பேருக்குப் போன் போட்டோம். நாலு பேருதான் எடுத்தீங்க. ஒருத்தன் லாகின் பண்ணிட்டு மொபைல் கடை நடத்திட்டிருந்தான். அந்தக் கோபம் எல்லார் மேலயும் விழுது." கௌசியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வருஷம் காலியான இடத்துக்கு இருபத்திரண்டு பேருக்கு ஆர்டர் அனுப்பினோம். ஒன்பது பேர் வந்து சேர்ந்தாங்க. அதுலயும் நாலு பேர் மூணு மாசத்துல கிளம்பிட்டாங்க. புதுசா வர்றவங்களுக்கு வேலை கத்துக்கொடுக்கவே உன்னை மாதிரி ஆளுங்க வேணும். நீயும் போயிட்டா நான் யாரை வெச்சு நடத்தறது?"

பத்து நிமிடம் கழித்து ஒரு வெள்ளைத்தாள் தனப்பிரியாவின் முன்னால் இருந்தது. முதல் வரி சுலபமாக வந்தது. மேற்படி கடிதம் எனக்குத் தெரியாமல் பெறப்பட்டது. இரண்டாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

"இயலாதுங்கறதுக்கும் நீ பதில் சொல்லியாகணும்," என்றார் கௌசியா. "வர முடியாதுன்னு எழுதினா காலியிடம். வர முடியும்னு எழுதினா திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குச் சென்னைல நிக்கணும். விளக்கத்தை ஏத்துக்கிட்ட பிறகு அந்தச் சேலம் சீட்டுக்கு நான் மறுபடி எழுதிப் பாக்கிறேன். ரெண்டு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம். முடியும், முடியாது, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது."

"வீட்டுல கேக்கணுங்க மேடம்."

"கேளு. ஆனா மூணு வருஷமா உன்னைப் பாக்கிறேன். வீட்டுல என்ன சொல்வாங்கன்னு பத்துத் தடவை சொல்லியிருக்க. உனக்கு என்ன வேணும்னு ஒரு தடவைகூட சொன்னதில்ல."

தனப்பிரியாவுக்குக் கோபம் வந்தது. கௌசியா மேல் வந்த கோபமா, மாமனார் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. கணவன் நவநீதகிருஷ்ணனை நினைத்துக்கொண்டாள். திருச்செங்கோட்டுக்காரர்களோடு பங்கு சேர்ந்து ரிக் வண்டி ஓட்டுகிறவன், மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். வருடத்தில் எட்டு மாதம் வீட்டில் இல்லை. அவன் கிளம்பும்போதெல்லாம் சௌந்திரம் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பாள். அப்போதெல்லாம் குடும்பச் சூழ்நிலையை யாரும் பேசியதில்லை.

பேனா நகர்ந்தது. 'சென்னை வந்து பணிபுரிய எனக்கு இயலும்.'

எழுதியதைப் பார்த்தாள். ஒன்பது வயதில் பள்ளிக்கூட நோட்டில் எழுதியதுபோல் எழுத்து குண்டு குண்டாக வந்திருந்தது. கையெழுத்தைப் போட்டாள்.

கௌசியா படித்துப் பார்த்துவிட்டு, "லெட்டர் வாங்கினவர் கைப்பட ஒரு வாக்குமூலம் இருந்தா இதுக்குப் பலம். உன் மாமனார் கீழதான இருக்கார்?" என்றார்.

சென்னியப்பன் மாடிப்படி ஏறி வந்தபோது முகத்தில் கல்யாணக் களை. காரியம் முடிந்து, மரியாதைக்காகக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்திருந்தார். கௌசியா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தக் களை வடிந்தது.

"நல்லதுக்குத்தானுங்க அம்மணி பண்ணுனேன். எங்க பக்கம் எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரு லெட்டர் இருந்தாத்தான் மதிப்பாங்க."

"தெரியுங்கய்யா. கெடுதல் பண்ணணும்னு யாரும் லெட்டர் வாங்க மாட்டாங்க. மருமகளுக்குத் தெரியாம நீங்க வாங்கினதா எழுதிக் கொடுத்தாப் போதும்."

சென்னியப்பன் உட்கார்ந்தார். எழுதவில்லை. "மருமகளுக்குத் தெரியாம அவ வேலைல மாமன் கைய வெச்சான்னு நாளைக்கு ஊர்ல பேசுவாங்க. குணசீலன் மூஞ்சில நான் எப்புடி முழிக்கறது?"

"எழுதலீன்னா எனக்கு வேலை போயிருமுங்க மாமா," என்றாள் தனப்பிரியா. சத்தம் போடவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் அவள் அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை.

அவர் அவளையே பார்த்தார். பிறகு தாளை இழுத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'மேற்படி கடிதத்தைப் பெற்றது நான் ஒருவனே. அதிலுள்ள வாசகங்கள் யாவும் நான் சொல்லியவை. என் மருமகளுக்கோ குடும்பத்தில் வேறு எவருக்குமோ இதில் சம்பந்தம் இல்லை.' கேட்டதற்கு மேலேயே எழுதியிருந்தார்.

மூன்றரை மணிக்கு இரண்டு தாளும் ஸ்கேனாகிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன. நாலு மணிக்கு இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஒரு வரி பதில் வந்தது. 'விளக்கம் பரிசீலனையில். பணியாளர் திங்கள் காலை தலைமை அலுவலகத்தில் ஆஜராகவும்.' வேலை தப்பியது.

காரை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். சீலநாயக்கன்பட்டியில் சிக்னலுக்கு நின்றபோது சென்னியப்பன் ஆரம்பித்தார்.

"சென்னை வர முடியும்னு எழுதுனியாமா. அந்த மேடம் படிச்சுக் காட்டுச்சு."

"ஆமாங்க மாமா."

"வேலையக் காப்பாத்திக்கச் சும்மா எழுதுனதா, நெசமா?"

பச்சை விழுந்து, கார் நகர்ந்து, மேம்பாலம் ஏறிய பிறகுதான் தனப்பிரியா சொன்னாள்.

"எழுதறப்பச் சும்மாத்தானுங்க மாமா எழுதுனேன். கையெழுத்துப் போடறப்ப நெசமாயிருச்சு."

சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. அத்தையின் முகம், இளமதியின் பள்ளிக்கூடம், தெரியாத ஊரில் ஒரு ஹாஸ்டல் கட்டில், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மல்லூர் தாண்டியதும் சென்னியப்பன் காரை ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினார். டீ சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு சொல்லணும் சாமி. நான் எழுதிக் குடுத்ததுல ஒரு பொய் இருக்குது."

அவள் திரும்பினாள்.

"சேலத்துல போடச் சொல்லி ஒரு லெட்டர் குடுன்னு குணசீலன்கிட்டக் கேட்டது நான்தான். சென்னை வர முடியாதுங்கற வார்த்தைய நான் சொல்லுல. நவநீதன் ரிக்குலேர்ந்து போன் போட்டு, குணசீலன்கிட்டச் சொல்லி எழுத வெச்சான். எனக்கே நேத்துத்தான் தெரியும். அது இப்புடித் திரும்பும்னு நெனைக்குல."

"அவுருங்களா?"

"அப்புடி எழுதிப்போட்டா, சேலம் கெடைக்கலீன்னாலும் பரவால்ல, அவளே ஊட்டோட நின்னுக்குவான்னு சொன்னானாமா." சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் பேரு ஃபைல்ல வர வேண்டாமேன்னுதான் எல்லாத்தையும் என்ற தலைல போட்டுக்கிட்டேன். உன்கிட்ட மறைக்க முடியுல."

லாரிகள் வரிசையாகக் காரைக் கடந்து போயின. தனப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு நாள் முன்னால்கூட நவநீதகிருஷ்ணன் போனில், சேலம் சீட்டுக் கெடைச்சிரும், கவலைப்படாத என்று சொல்லியிருந்தான். அந்தக் குரலை நம்பித் தூங்கியிருந்தாள்.

"அவனுக்கு இப்பவே போன் போட்டுத் தரட்டுமா? கேளு. நாலு வார்த்தை நல்லாக் கேளு."

"வேண்டாமுங்க மாமா. அவுருகிட்ட அப்பறம் பேசிக்கறேன். மொதல்ல டிக்கெட் போட்டுர்றேன்."

அவள் போனைத் திறந்தாள். சேலத்திலிருந்து சென்னைக்கு, ஞாயிற்றுக்கிழமை இரவு வண்டி. இருபத்தேழு இடம் மிச்சமிருந்தது. பெயர், தனப்பிரியா. வயது, முப்பத்தொன்று. பயணிகள் வேறு யாராவது உண்டா என்று கேட்டது.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.

அவள் இன்னொரு பெயரை அடிக்க ஆரம்பித்தாள். இளமதி, வயது ஐந்து.

"பாப்பாவையுமா?" என்றார் சென்னியப்பன். "சௌந்திரத்துகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நானே சொல்லிக்கறேனுங்க மாமா," என்று தனப்பிரியா பணம் கட்டும் பொத்தானை அழுத்தினாள். "நீங்க காரை எடுங்க."